வவ்வாலை விரட்டினால் வைரஸ் போய்விடாது

பழந்தின்னி வவ்வாலிடமிருந்து வந்து மூளைக்காய்ச்சல் தரும் நிபா வைரஸ் பற்றிச் செய்தி வந்ததும் வவ்வால் அடையும் மரத்தடியில் வெடி போடுவதும், மரத்தையே வெட்டச் சொல்லி மனு கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. பயம் நியாயமானது. ஆனாலும் இதைச் செய்யவே கூடாது என்று அடித்துச் சொல்வேன்.

உகாண்டாவின் கிட்டாகா சுரங்கத்தில் 2007-இல் தொழிலாளர்களுக்கு மார்பர்க் என்ற கொடிய வைரஸ் காய்ச்சல் வந்தது. உள்ளே இருந்த வவ்வால்களில் சுமார் 5 விழுக்காட்டில் அந்த வைரஸ் இருந்தது. அதன்பின் சுரங்கத்து வவ்வால்களை ஆயிரக்கணக்கில் கொன்று ஒழித்தார்கள். 2012-இல் அதே வட்டாரத்தில் மார்பர்க் திரும்ப வந்தது. சுரங்கத்தில் வவ்வால்கள் மறுபடி குடியேறியிருந்தன. இம்முறை 13 விழுக்காட்டில் வைரஸ். இடம் காலியானால் வெளியிலிருந்து புது வவ்வால்கள் வந்து சேரும், குட்டிகள் பெருகும். எதிர்ப்புச் சக்தி இல்லாத இளசுகள் கூடினால் வைரஸ் பரவுவது சுலபம்.

ஆகவே காவல் போட வேண்டியது விலங்கின் மேல் அல்ல. அதன் எச்சிலும் சிறுநீரும் நம் வாய்க்கு வந்து சேரும் அந்த ஒரு வழியில். வங்கதேசத்து ஈச்சமரத்தைப் பாருங்கள். குளிர்காலத்தில் மரத்தின் உச்சியருகே பட்டையைச் சீவி, குழாய் செருகி, பானை கட்டுகிறார்கள். சாறு இரவெல்லாம் சொட்டும். பழந்தின்னி வவ்வால் வந்து நக்குவது பெரும்பாலும் பானையை அல்ல, சீவிய பட்டையை. அங்கேயே சிறுநீரும் கழிக்கும். இரவில் கேமரா வைத்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். விடிந்ததும் அந்தச் சாற்றைப் பச்சையாகக் குடிப்பதுதான் ஆபத்து. பானையின் வாயை மட்டும் துணியால் கட்டினால் பயனில்லை. சீவிய இடத்தில் பட்டது சாற்றோடு வழிந்து உள்ளே போய்விடும். மூங்கில் தட்டியோ சணல் குச்சித் தட்டியோ எதுவானாலும், சீவிய பட்டை, சாறு வழியும் பாதை, குழாய், பானை நான்கையும் சேர்த்து மூட வேண்டும். ஓரத்தில் இடைவெளி விட்டால் வவ்வால் தலையை நுழைத்துவிடும். தட்டி கட்ட முடியாவிட்டால் சாற்றைக் கொதிக்க வைக்க வேண்டும். வெல்லம் காய்ச்சும் சூட்டில் நிபா தாங்காது.

"வைரஸ் உருமாறிவிட்டதாமே" என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான். நிபா ஆர்.என்.ஏ. வைரஸ், அதாவது அதன் மரபுக் குறிப்பு டி.என்.ஏ.வில் அல்ல, ஆர்.என்.ஏ.வில் இருக்கிறது. தன்னைப் படியெடுக்கும்போது விழும் பிழையைத் திருத்த அதனிடம் எதுவும் இல்லை. பிழைகளில் பெரும்பாலானவை வீண். மலேசியாவில் நோயாளிகளிடம் கிடைத்த நிபா வைரஸ்கள் ஏறத்தாழ ஒரே அச்சு. பன்றிக்குள் புகுந்தது பண்ணை பண்ணையாகப் பரவி மனிதர்களை எட்டியது. வங்கதேசத்தில் அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தன. வவ்வாலிலிருந்து மனிதருக்குப் பல முறை தனித்தனியே தாவியதன் தடயம் அது. இன்றைக்கு ஒரு நிபா நோயாளி சராசரியாக ஒருவருக்கும் குறைவாகவே தொற்ற வைக்கிறார், அதனால் சங்கிலி அறுந்துபோகிறது. ஆனால் ஒவ்வொரு தாவலும் மனித உடலில் அதற்குக் கிடைக்கும் புது வாய்ப்பு.

ஒரே ஒரு மாற்றம் என்ன செய்யும் என்பதற்குச் சிக்குன்குனியா போதும். ஆப்பிரிக்கக் காட்டுக் குரங்குகளிடையே சுற்றிய வைரஸ் அது. அதன் மேலுறையில் உள்ள ஈ1 என்ற புரதத்தில் 226-ஆம் இடத்தில் அலனைன் என்ற அமினோ அமிலம் போய் வாலைன் என்ற இன்னொன்று வந்தது. ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவுக்குள் பெருகும் திறன் பல மடங்கு கூடியது. 2005-06-இல் ரீயூனியன் தீவில் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் படுத்துவிட்டார்கள். 2007-இல் கேரளத்திலும் அதே மாற்றம் தனியாக உருவானது. அங்கே ரப்பர் தோட்டங்களில் பால் வடிக்கும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கி இந்தக் கொசு பெருகுகிறது. பால் வெட்டாத நாட்களில் சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் அடுத்த மழையில் பொரியும்.

வேறு வைரஸ் நோய்களிலும் வழியைத்தான் பார்க்க வேண்டும். உண்ணி கடித்துப் பரவும் கியாசனூர் காட்டு நோயில், 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் கண்டறியப்பட்டதிலிருந்து, செத்த குரங்குதான் முதல் எச்சரிக்கை. குரங்கு செத்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் தரையில் இறங்கி அங்கேயே காத்திருக்கும். ஆகவே அந்த இடத்தில் விறகு பொறுக்காதீர்கள், மாடு ஓட்டாதீர்கள், உடனே தகவல் கொடுங்கள். உடலைத் தொடாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே மனம் வலிப்பது மலேசியா, 1998. மூளைக்காய்ச்சல் வந்ததும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. பன்றிகள் குரைப்பதுபோல இருமிக்கொண்டிருந்தன. அத்தனையும் கண்ணெதிரே இருந்தும் நோய்ப்பட்ட பன்றிகள் வேறு மாநிலத்துக்கு விற்கப்பட்டன. 1999 மார்ச்சில் சுங்கை நிபா கிராமத்து நோயாளியிடம் புது வைரஸ் பிரித்தெடுக்கப்படுவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. மலேசியாவில் மட்டும் 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

காய்ச்சலோடு நினைவு தப்பி மருத்துவமனைக்கு வருகிறவரின் சீட்டில் இரண்டு வரி கூடுதலாக இருக்கட்டும்: கடந்த மூன்று வாரத்தில் எந்த விலங்கைத் தொட்டார், அந்த விலங்கு நலமாக இருந்ததா.