கேட்டைச் சாத்துங்கள், போதும்

தீ கோங் என்ற சீன வானக் கடவுளைக் கும்பிடும் இரவில் எதிர்வீட்டு நாயை எடுத்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். இதுவரை பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் நைட்டியோடு ரோட்டைத் தாண்டி ஓடுகிற பெண் நான்தான், சந்தேகமே வேண்டாம். "அக்கா, வைரல் ஆயிட்டீங்க" என்று சிரித்த தம்பிகளுக்கும் நன்றி.

ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கிறீர்களே, "வீட்டுக்குள்ள வரத் தெரியாத முட்டாள் நாய்", "சோறு போட்ட கைய மறந்த நன்றி கெட்ட நாய்" என்றெல்லாம். நாயை நன்றி கெட்டது என்று தமிழில் திட்டிய முதல் ஆட்கள் நீங்களாகத்தான் இருக்கும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

வீடியோவில் வராததையும் சொல்லிவிடுகிறேன். சீனப் பெருநாள் எட்டாம் இரவு பன்னிரண்டு மணிக்குப் பினாங்கில் என்ன சத்தம் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். கேட்டில் கரும்பு கட்டியிருந்த வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் சரவெடி. எதிர்வீட்டு அண்ணனின் ஆட்டோகேட் மோட்டர் பழுதாகி மாதக்கணக்காகிறது, கேட் எப்போதும் ஆவென்று திறந்தே கிடக்கும். கேட்டால், "அதுக்குத்தான் கரண்டு வேலி போட்டிருக்கேனே" என்பார். முதல் வெடிக்கே அந்தப் பழுப்பு நாய் தெறித்து ஓடியது. கரண்டாவது ஒன்றாவது, அந்தப் பயத்தில் ஷாக் அடித்ததே அதற்குத் தெரிந்திருக்காது.

ஒரு மணி வாக்கில் அதுவாகவே திரும்பி வந்தது. கேட் திறந்திருக்கிறது. உள்ளே அண்ணன் பிஸ்கட் பாக்கெட்டை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறார். நாய் லோங்காங் சாக்கடை மேல் போட்டிருக்கும் சிமெண்டுப் பலகையில் முன்னங்காலை வைக்கும். அதன் கழுத்துப் பட்டை 'டீட்' என்று கத்தும். காலை எடுத்துக்கொண்டு பின்வாங்கி, உடம்பு முழுக்க நடுங்க நின்று முனகும். மறுபடி கால், மறுபடி டீட். நான்கு முறை எண்ணினேன். ஐந்தாவது முறைதான் நைட்டியோடு ஓடினேன். கழுத்துப் பட்டையைக் கழற்றினேன். உடனே குடுகுடுவென்று உள்ளே போய் அண்ணன் காலடியில் சுருண்டுகொண்டது. அதோ உங்கள் முட்டாள் நாய்.

இந்த வேலியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலி என்று கண்ணுக்குத் தெரிய ஒன்றும் இருக்காது. வீட்டைச் சுற்றி மெல்லிய ஒயர் ஒன்றை வளையமாக மண்ணிலோ சிமெண்டிலோ புதைத்திருப்பார்கள். சுவரில் மாட்டிய சின்னப் பெட்டி அந்த ஒயருக்கு சிக்னல் கொடுத்துக்கொண்டே இருக்கும். நாய் ஒயரை நெருங்கினால் பட்டையில் உள்ள ரிசீவர் முதலில் சத்தம் போடும், இன்னும் நெருங்கினால் தொண்டையை அழுத்திக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முனைகள் வழியாக ஷாக் கொடுக்கும். அவ்வளவுதான் விஷயம். உள்ளே இருந்து வெளியே போகிறதா, வெளியே இருந்து உள்ளே வருகிறதா என்று அந்த ஒயருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் அடிக்கும். ஓடிப்போக ஒரு முறை அடி என்றால், வீடு திரும்பவும் ஒரு முறை அடி வாங்க வேண்டும். ஓடும்போது பயம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. திரும்பும்போது தள்ள யார் இருக்கிறார்கள்?

கேட்டைச் சாத்தியிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

"வெளிநாட்டுல எல்லாரும் போடறாங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி. 1970களில் அமெரிக்காவில் வந்த சாமான் இது. அங்கே பல வீடுகளுக்கு முன்னால் சுவரும் இல்லை, கேட்டும் இல்லை, புல்தரை நேராக ரோடு வரை ஓடும். சில குடியிருப்புகளில் வேலி போடவே விட மாட்டார்கள். அவர்களுக்கு ஏதோ ஒரு காரணம் இருந்தது. நம் தாமானில், நம் குடியிருப்பில், என்ன இருக்கிறது? சுற்றிலும் சுவர், முன்னால் ஆளுயர இரும்பு கேட். வரிசையாக ஒட்டிக் கட்டிய, இருபதடி அகலத் தெரஸ் வீடு. இந்தப் பக்கம் நான்கடி, அந்தப் பக்கம் நான்கடி சிக்னல் என்று வையுங்கள். காரையும் நிறுத்திவிட்டால் போர்ச்சில் நாய்க்கு மிஞ்சுவது ஒரு பாய் அளவு இடம். அதற்குள் அது சந்தோஷமாக ஓடியாடும் என்று பெட்டியின் மேல் படம் போட்டிருக்கிறார்கள். படத்தில் இருக்கும் புல்வெளியில் நம் லோரோங் சந்தில் பாதியை வைக்கலாம். அதே வெளிநாடுகளில் ஒன்றான வேல்ஸில் 2010லேயே ஷாக் பட்டையைத் தடை செய்துவிட்டார்கள். அதை யாரும் எனக்கு பார்வர்டு செய்யவில்லை.

"ஷாக் ரொம்பச் சின்னதுக்கா, சும்மா சுருக்குன்னு இருக்கும்." தம்பி, எனக்குத் தெரியும். முழங்கைக்குக் கீழே வைத்துப் பார்த்திருக்கிறேன். கொசு பேட்டில் விரல் பட்டால் எப்படி இருக்குமோ கிட்டத்தட்ட அப்படித்தான், செத்துப்போக மாட்டோம். ஆனால் அது எப்போது வரும், ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். என் கையில், நானே வைத்துக்கொண்டது. அந்த ஜீவனுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று யார் சொல்வது?

எப்படித் தெரியும் என்றுதானே கேட்கிறீர்கள்? கேளுங்கள். ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார், "நீங்களும் உங்க லட்டுவுக்குப் போட்டிருந்தீங்களே, இப்ப என்ன புதுசா கருணை?" என்று. ஆமாம், போட்டிருந்தேன். மறைக்கவில்லை. 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் செலவழித்து, போர்ச் சிமெண்டைக் கிரைண்டரால் கீறி ஒயரைப் புதைத்தேன். பெட்டியோடு சின்னச் சின்ன வெள்ளைக் கொடிகளும் வந்தன. அவற்றை எல்லையில் நட்டு, நாயைக் கயிற்றில் பிடித்து, சத்தம் கேட்டதும் பின்னால் வரத் தினமும் பழக்க வேண்டும், இரண்டு வாரமாவது. நான் மூன்று நாள் செய்தேன். நான்காம் நாள் வேலை விட்டு வந்து களைப்பு. கொடிகள் இன்னும் ஸ்டோர் ரூமில் இருக்கின்றன.

லட்டு முதல் ஷாக் வாங்கிய நேரம் காஸ் கொண்டு வருகிற தம்பி மோட்டர் சைக்கிளை கேட்டுக்கு முன்னால் நிறுத்தினான். அது அவனைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு போன நாய். அன்றிலிருந்து அவன் மோட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டாலே பல்லைக் காட்டும். அதைக் கடித்தது ஒயர், அது பழி வைத்தது அந்தப் பையன்மேல். அப்புறம் நம் ஊர்ப் புழுக்கத்தில் பட்டையைக் கழற்றாமல் விட்டதால், முனைகள் பட்ட இடத்தில் முடி கொட்டி இரண்டு சிவப்புப் புள்ளி, ஈரமாக. விரலால் விலக்கிப் பார்த்தபோது லட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் ஒருநாள் மின்னல் விழுந்து பெட்டியே கருகிவிட்டது. நல்லதாகப் போயிற்று என்று விட்டேன். ஹார்ட்வேர் கடையில் 12 வெள்ளிக்கு ஒரு கொக்கி வாங்கி கேட்டில் மாட்டினேன். இதைச் செய்ய 500 வெள்ளி தண்டம் அழ வேண்டியிருந்தது, என் புத்தி அப்படி. தெரியாமல் செய்துவிட்டு நிறுத்தினவளுக்குப் பேச உரிமை இல்லையா? செய்துகொண்டே இருப்பவர்களுக்கு மட்டும்தான் உரிமையா?

"சங்கிலியில கட்டிப் போடறத விட இது மேல்." இதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. நாள் முழுக்கக் கட்டிப் போடுவதைவிட எதுவுமே மேல்தான். ஆனால் அண்ணனிடம் கேட் இருக்கிறது! சாத்தினால் சாத்திக்கொள்ளும் கேட். மோட்டர் போனாலும் கையால் தள்ளலாம், கம்பெனிக்காரன் அதற்கென்றே சாவி கொடுத்திருப்பான்.

"நம்ம தாமான்ல மலாய்க்காரங்க இருக்காங்க, நாய் வெளிய போனா பிரச்சினை, அதனாலதான் வேலி" என்று ஒருவர் நியாயம் பேசுகிறார். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பாக்சிக்கை இதில் இழுக்காதீர்கள். முப்பது வருடத்தில் அவர் எங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் கேட் திறந்திருந்தால் முதலில் போன் செய்வது அவர்தான். அவர் சொல்வதும் கேட்டைச் சாத்தச் சொல்லித்தான். அன்றிரவு எல்லாரும் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, ரோட்டில் வந்த காரைக் கைகாட்டி நிறுத்தியதும் அவர்தான். வீடியோவில் ஓரமாகச் சாரோங் தெரியும், நன்றாகப் பாருங்கள்.

நான் ஏன் கேட் கேட் என்று பைத்தியம் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று என் தங்கைக்குத் தெரியும். 2015 செப்டம்பரில் பினாங்கில் ரேபிஸ் வந்தது ஞாபகம் இருக்கிறதா? தெருநாய்களைப் பிடித்துக் கொல்லச் சொல்லி மாநில அரசு உத்தரவு போட்ட சமயம். அப்போது அப்பாவின் ஜிம்மிக்குப் பன்னிரண்டு வயது, காதும் சரியாகக் கேட்காது. துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அப்பாவுக்கு ஒரே சட்டம்: கடைசியாக வருகிறவர் கொண்டியைப் போட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை கடைசியாக வந்தது நான். கையில் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பைகள், வாயில் போன். கொண்டியைப் போடவில்லை. காலையில் ஜிம்மி இல்லை. அதற்கு முந்தின நாள்தான் குளிப்பாட்டுவதற்காக லைசென்ஸ் வில்லையோடு பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தோம். அப்பா மூன்று நாள் மோட்டரில் சுற்றினார், முனிசிபல் வரை போய்க் கேட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு லட்டு வந்தபோது அந்த ஒயரை ஏன் வாங்கினேன் என்று நினைக்கிறீர்கள்? நான் மறந்தாலும் அது மறக்காது என்றுதான். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருப்பார். அதனால் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சரி, இருக்கிறது, கொஞ்சம்.

தாமான் வாட்ஸாப் குரூப்பில் "அடுத்தவர் நாயின் பட்டையைக் கழற்ற உங்களுக்கு என்ன அதிகாரம்" என்று கேட்டவருக்கு: அதிகாரம் ஒன்றும் இல்லை. பட்டை என் வீட்டில், மைக்ரோவேவ் மேல்தான் இருக்கிறது. அண்ணன் இன்னும் வந்து கேட்கவில்லை. அவருக்காக நீங்கள் வந்து வாங்கிக்கொள்வதாக இருந்தாலும் சரி. கேட் சாத்தியிருக்கும், வெளியிலிருந்து குரல் கொடுங்கள்.