நூத்தஞ்சும் நம்ம ரெத்தமும்

போன ஞாயிற்றுக்கிழமை குலசேகரத்தில் பெரியப்பா வீட்டில் கல்யாணப் பேச்சு. மகனுக்குத் தங்கச்சி மகளையே கேட்கிறார். "நம்ம ரெத்தம் வெளிய போவப்பிடாது, கேட்டியா மக்ளே" என்றார். சாயாவைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

பெரியப்பாவின் தோட்டம் முழுக்க நூத்தஞ்சு. கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆர்ஆர்ஐஐ 105 என்ற ரப்பர் ரகம். எல்லாம் ஒட்டுக் கன்று, ஒரே மரத்தின் நகல். பால் அள்ளித் தரும். ஆனால் மழைக்காலத்தில் இளமரத்துக் கவட்டையில் பிங்க் நோய் என்ற பூஞ்சை நோய் வந்தால், பக்கத்து மரத்துக்கும் அதே பலவீனம்தான். பெரியப்பா வாளியும் பிரஷுமாக மரம் மரமாக, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ மருந்தைப் பூசுவார். நகக்கண்ணில் நீலம் ஒரு வாரத்துக்குப் போகாது.

மனிதன் இப்படி நகலாக இல்லை. நம் ஆறாவது குரோமோசோமில் எச்எல்ஏ என்ற மரபணுக் கூட்டம் இருக்கிறது. செல்லுக்குள் கிடக்கும் புரதத் துணுக்குகளை வெளியே தூக்கிக் காட்டுவது அதன் வேலை. வைரஸ் துணுக்கு தெரிந்தால், நோயை எதிர்க்கும் டி செல்கள் பாயும். இந்த மரபணுக்களுக்கு ஆளுக்கு ஆள் மாறும் பல வடிவங்கள் உண்டு; ஒவ்வொரு வடிவமும் வேறு வேறு துணுக்கைப் பிடிக்கும். அதனால் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து வேறொன்று என்று வந்தால்தான் லாபம். சொந்தத்துக்குள்ளேயே கட்டினால் இரண்டு பக்கமும் ஒரே வடிவம் வர வாய்ப்பு கூடும்.

இந்த வடிவங்கள் மனித இனத்தைவிடப் பழையவை. என்னிடம் உள்ள ஒன்று, பெரியப்பாவிடம் உள்ளதைவிட ஒரு சிம்பன்சியிடம் உள்ளதற்கு நெருக்கமாக இருக்கலாம். சிம்பன்சியும் நாமும் பிரிந்து 60 லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வேறுபாடுகள் இரண்டு பக்கமும் அழியாமல் வந்திருக்கின்றன. இதில் எதை நம்ம ரெத்தம் என்பது?

சிம்பன்சிகள் ஒருமுறை அடி வாங்கியிருக்கின்றன. மற்ற மரபணுக்களில் நம்மைவிட வேறுபாடு அதிகம் உள்ள அவற்றுக்கு, இந்த இடத்தில் மட்டும் வடிவங்கள் குறைவு. எச்ஐவி போன்ற ஒரு பழைய வைரஸ் பலரை வாரிக்கொண்டு போயிருக்கும், தாங்கியவை மிஞ்சின என்று 2002-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். மிஞ்சிய வடிவங்கள் வேலை செய்யும் விதம், மனிதர்களில் எச்ஐவியை அடக்கிவைக்கும் பி27, பி57 என்ற எச்எல்ஏ வடிவங்களைப் போலவே. அதே பி27தான் சிலருக்கு முதுகெலும்பை இறுக்கும் வாதத்துக்கும் வழிவிடுகிறது. இனாமாக எதுவும் இல்லை போலிருக்கிறது.

பெரியப்பாவிடம் சிம்பன்சி என்று ஆரம்பித்தால் செருப்பு வரும். நூத்தஞ்சிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.