கொழும்புக்கு வந்தபோதே அவர் சுந்தராம்பாள்தான்

சனிக்கிழமை இரவு வெள்ளவத்தை மண்டபத்தில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மிச்சப் பேர் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். கே.பி.சுந்தராம்பாளை அறிமுகப்படுத்தி, அவருடைய பாட்டு ஒன்றை ஓர் இளம் பிள்ளையைக் கரோக்கேயோடு பாடவைத்த நிகழ்ச்சி அது. ஆகவே முழுவதையும் திரும்ப எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். "கிட்டப்பாவின் காதல் மனைவி, ஒளவையாராக நடித்த பழைய நடிகை" என்று சொல்லி ஒருவரை அறிமுகப்படுத்தி, அவர் எப்படிப் பாடினார் என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் எப்படி அந்த அரை மணித்தியாலத்தை முடித்தீர்கள்?

கே.பி.சுந்தராம்பாள் பாடகி. முதலில் பாடகி, நடுவிலும் பாடகி, கடைசியிலும் பாடகி. நடிப்பு அந்தப் பாட்டுக்குப் பின்னால் வந்தது. கல்யாணமும் அந்தப் பாட்டுக்குப் பின்னால்தான் வந்தது.

கணக்கை நீங்களே பாருங்கள். 1908இல் கொடுமுடியில் பிறந்தவர், 1980இல் இறந்தவர். நாடக மேடையில் பாடி நடித்த கிட்டப்பாவைக் கல்யாணம் செய்தது 1927இல். கிட்டப்பா இறந்தது 1933 டிசம்பரில். ஆறு வருடம். அந்த ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மேடை வாழ்க்கை இருக்கிறது, பின்னால் 47 வருடம் இருக்கிறது. சனிக்கிழமை அந்த ஆறு வருடத்துக்கு இருபது நிமிடம் கொடுத்தீர்கள். அதற்கு முன்னால் இருந்ததை "ரயிலில் பாடித் திரிந்த ஏழைச் சிறுமி" என்று ஒரே வாயில் முடித்தீர்கள். அந்தச் சிறுமி வேலு நாயர் நாடகக் கம்பனியில் சேர்ந்து, பிள்ளை வேடத்தில் பாடிப் பாடியே பெயர் எடுத்தார் என்பது உங்கள் தாளில் இல்லை.

இதைவிட மனம் நொந்தது அடுத்த வசனத்தில்தான். "கொழும்பில் கிட்டப்பாவைச் சந்தித்த பிறகே சுந்தராம்பாள் புகழடைந்தார்" என்றார் அறிவிப்பாளர். இதை வேறு எந்த ஊர் மேடையில் சொன்னாலும் பொறுத்திருக்கலாம். கொழும்பில் நின்றுகொண்டு சொல்லலாமா? 1926இல் அவர் இங்கே வந்தது நாடகத்தில் பாடுவதற்கு. அவருடைய பாட்டுக்குச் சனம் கூடியபடியால்தான் கப்பலேற்றி அழைத்து வந்தார்கள். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இரண்டு பேரையும் இங்கே ஒரே மேடையில் ஏற்றினார்கள் என்றால், இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தனித்தனியாகப் பெயர் இருந்தது என்றுதானே அர்த்தம்? பெயர் இல்லாத ஒருத்தியைக் கடல் தாண்டிக் கூட்டி வந்து கிட்டப்பாவுக்கு எதிரே நிறுத்த எந்தக் கொட்டகைக்காரர் காசு போடுவார்?

அந்தக் காலத்து ஸ்பெஷல் நாடகம் எப்படி நடந்தது என்று தெரிந்தால் இந்தப் பிழை வராது. நிரந்தரக் கம்பனி கிடையாது. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி வேறோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். ஒத்திகை இல்லை. எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்தது நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிவைத்த பாட்டும் கதையும்தான். மேடையில் ஏறிய பிறகுதான் சோதனை. ஒருவர் பாட்டிலே கேள்வி கேட்பார், மற்றவர் சளைக்காமல் பாட்டிலேயே மறுமொழி சொல்ல வேண்டும். தடுமாறினால் முன்வரிசையே சிரித்துவிடும். முகத்தைக் காட்ட முந்தியே திரைக்கு உள்ளே நின்று பாட வேண்டும். அந்தக் குரலைக் கேட்டுச் சனம் கை தட்டினால்தான் அன்றைய இரவு உங்களுடையது.

இதில் சுருதி, அதாவது பாடுகிறவர் அடிப்படையாக வைத்துக்கொள்ளும் குரல் உயரம், என்று ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை 'சி'யிலிருந்து எண்ணினால் 'ஜி' ஐந்தாம் கட்டை. பெண் குரலுக்கு வழக்கமாக ஐந்து, ஐந்தரை. ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு. இரண்டு பேரும் கேள்வியும் மறுமொழியுமான ஒரே தர்க்கப் பாட்டில் மோதும்போது யாருடைய சுருதியில் பாடுவது? பெண்ணின் சுருதிக்கு ஆண் ஏறினால் தொண்டை கட்டிப்போகும். ஆணின் சுருதிக்குப் பெண் இறங்கினால் குரலில் கூர்மை போய்விடும், பின்வரிசைக்குச் சொல் கேட்காது. நடுவில் சுருதியை மாற்றினால் தர்க்கத்தின் சூடே ஆறிவிடும். கிட்டப்பா உயர்ந்த சுருதியிலே சுகமாகப் பாடிய அபூர்வமான ஆண் குரல். சுந்தராம்பாள் அந்த உயரத்திலேயே குடியிருந்தவர். இரண்டு பேரும் இறங்காமல், விட்டுக்கொடுக்காமல் நேருக்கு நேர் பாட முடிந்தது. சனம் விழுந்தடித்துக்கொண்டு போனது அதற்காகத்தான். காதல் கதைக்கு முன்னால் அது ஒரு சுருதிக் கதை.

மைக் இல்லாத காலம் அது. பிள்ளை அழும், சுண்டல்காரன் கூவுவான், அத்தனையும் தாண்டிக் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர வேண்டும். உயரச் சுருதி அதற்கான வழி. வாயை நன்றாகத் திறந்து, உயிரெழுத்தை நீட்டி, மெய்யெழுத்தை வெட்டி விட வேண்டும். அவருடைய 'ழ'வையும் 'ற'வையும் இன்றைக்குப் போட்டுக் கேளுங்கள். ஒலித்தட்டில் எத்தனை கீறல் இருந்தாலும் அந்த எழுத்துகள் தெளிவாக வரும்.

ஒலித்தட்டு வேறொரு வித்தை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான். மேடையில் அரை மணித்தியாலம் விரித்த பாட்டை அதற்குள் அடக்க வேண்டும். ஆலாபனையை ஒரு மூச்சில் காட்டி, பல்லவியைப் பிடித்து, ஒரு சரணத்தோடு முடிக்க வேண்டும். பிழைத்தால் வெட்டி ஒட்ட வழியில்லை, முதலிலிருந்து பாட வேண்டும். கிட்டப்பா போன பிறகு அவர் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது இந்தத் தட்டுகளால்தான். காங்கிரஸ் மேடைகளில் பாடியதும் இதே குரல். பிறகு சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராகவும் இருந்தார். அதுவும் சனிக்கிழமை வரவில்லை.

இனிச் சினிமா. 1935இல் 'நந்தனார்'. அதில் அவர் நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தார். சம்பளம் ஒரு இலட்சம் ரூபா. ஒரு பவுன் முப்பது ரூபாவைத் தாண்டாத காலத்தில் ஒரு இலட்சம்! நடிப்பு அனுபவம் பார்த்தா அந்தக் காசு கொடுத்தார்கள்? அது அவருக்கு முதல் படம். பின்னணிப் பாட்டு தமிழ்ப் படத்துக்கு வந்தது 1938இல் 'நந்தகுமார்' படத்தோடு. அதற்கு முந்திய படங்களில் கமரா ஓட ஓடப் பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் கமரா பார்க்காத மூலையில் நிற்பார்கள். மைக் படத்தில் தெரியாமல் மேலே தொங்கும். தலையைத் திருப்பினால் குரல் மங்கும், நடந்தால் மங்கும். அதனால்தான் அந்தக் காலத்துப் பாட்டுக் காட்சிகளில் ஆட்கள் அசையாமல் நிற்கிறார்கள். "பழைய படத்தில் நடிப்பே இல்லை" என்று சொல்கிற பிள்ளைகளுக்கு இதை யாராவது விளங்கப்படுத்த வேண்டும்.

அதன் பிறகு 'மணிமேகலை' 1940இல். 'ஒளவையார்' 1953இல், பதின்மூன்று வருட இடைவெளி. 'பூம்புகார்' 1964, 'திருவிளையாடல்' 1965, 1973இல் 'காரைக்கால் அம்மையார்'. அத்தனையையும் சேர்த்தாலும் ஒரு டசின் அளவு படம்தான். நடிகையாக வாழ்ந்தவரின் கணக்கா இது? 'துணைவன்' படத்துக்காக 1969ஆம் ஆண்டின் தேசிய விருது கிடைத்ததே, அது என்ன விருது? சிறந்த பின்னணிப் பாடகி. அந்த விருதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர், முதலாவது பி.சுசீலா. வயது அறுபதைத் தாண்டிய ஒருவர் அந்த விருதை வாங்கினார். இந்திய அரசே பாடகி என்று எழுதிக் கொடுத்த பிறகும் நாங்கள் "நடிகை" என்கிறோம்.

இனி வரப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும்.

"அவரே 25 வயதில் வெள்ளைச் சேலை உடுத்து, ஆணோடு சோடியாக நடிக்க மாட்டேன் என்று இருந்தவர். கிட்டப்பாவை அவரே விடவில்லை, நீங்கள் யார் விடச் சொல்ல?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அவருடைய துக்கம் அவருடையது, அதைத் தொட எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வெள்ளைச் சேலையோடு அவர் மூலையில் உட்கார்ந்திருக்கவில்லை. மேடை ஏறினார், ஒப்பந்தம் போட்டார், சம்பளம் பேசினார், பாடினார். துக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிடுகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

"சனத்துக்குக் காதல் கதைதான் பிடிக்கும்." சனத்துக்கு வேறு எதையும் நீங்கள் கொடுத்துப் பார்க்கவில்லை.

"இளம் பிள்ளையின் மனதை நோகடிக்காதீர்கள்." ஐயோ, அந்தப் பிள்ளையை நான் ஒரு சொல் சொல்லவில்லை! அது நன்றாகவே பாடியது. பிழை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்த கரோக்கே தட்டில் இருக்கிறது. பாட்டின் தொடக்கம் விருத்தம் மாதிரி. தாளக்கட்டு இல்லை. பாடுகிறவர் எங்கே மூச்செடுக்கிறாரோ அங்கேதான் வரி முடியும். கரோக்கே பாடுகிறவருக்காகக் காத்திருக்காது. பிள்ளை ஒரு கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் இடத்தை, ஆசையாக நீட்டியது, அதற்குள் மிருதங்கம் தொடங்கிவிட்டது, பிறகு பாட்டு முழுக்கத் துரத்தல். அதோடு சுருதியை இரண்டு கட்டை இறக்கிவைத்திருந்தார்கள். எக்கோவைத் தாராளமாகத் திறந்துவிட்டதில் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறியது. மேல்ஸ்தாயிக்குப் போனதும் ஒலிபெருக்கி கீச்சிட்டது. ஒலி பார்த்தவர் உடனே மைக்கைக் குறைத்தார். எந்தப் பாடகியாலும் அதில் கரையேற முடியாது.

என்ன செய்திருக்கலாம்? தொடக்கத்துக்குக் கரோக்கேயை நிறுத்தி, சுருதிப் பெட்டி மட்டும் வைத்திருக்கலாம். இல்லாவிட்டால் ஓர் ஆர்மோனியம். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஆர்மோனியம் வாசிக்கிற மூத்த ஐயா ஒருவர் சொல்வார், விருத்தத்துக்கு வாசிக்கிறவன் பாடுகிறவருக்கு அரை மூச்சுப் பின்னால் வர வேண்டும், முன்னால் போனால் கழுத்தைப் பிடித்து இழுத்த மாதிரி என்று. தாளம் தொடங்கும் இடத்தில் ஒருவர் கை காட்ட, கரோக்கேயை அங்கிருந்து விட வேண்டும். எக்கோவை அநேகமாக மூட வேண்டும். உச்சிக்குப் போகும்போது மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடிக்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு பின்னேரம் ஒத்திகை பார்த்தால் இவ்வளவும் முடிந்திருக்கும். செலவும் பெரிதில்லை.

"அவர் இந்தியக் கலைஞர், எங்களுக்கேன் இவ்வளவு கோபம்?" இதையும் ஒருவர் நேற்றே எழுதிவிட்டார். எழுதட்டும்.

எனக்குக் கோபம் சுந்தராம்பாளோடு மட்டும் நிற்கவில்லை. கொல்லங்குடி கருப்பாயி போன வருடம், 2025 ஜூனில், 99 வயதில் போனார். வானொலியில் நாட்டுப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவரை 1985இல் 'ஆண்பாவம்' படத்துக்கு அழைத்தார்கள். போன அன்று எங்கள் ஆட்கள் போட்ட பதிவுகளில் பாதி "ஆண்பாவம் பாட்டி காலமானார்". பறவை முனியம்மா 2003இல் 'தூள்' படத்தில் பாடி நடித்தார். அதற்கு முந்திப் பல வருடம் கோயில் திருவிழா மேடைகளில் பாடிய தொண்டை அது. 2020இல் அவர் போனபோதும் "சினிமாப் பாட்டி". வயல் வேலையிலும் கோயில் முற்றத்திலும் வளர்ந்த பாட்டைச் சினிமா இரண்டு நாள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனது. அந்த இரண்டு நாளை அவர்களுடைய முழு வாழ்க்கை என்று எழுதுகிறோம். பெண் என்றால் யாருடைய மனைவி, வயது போனால் யாருடைய படத்துப் பாட்டி. என்ன பாடினாள், எந்தச் சுருதியில் பாடினாள், எப்படி மூச்செடுத்தாள் என்று கேட்க ஒருவரும் இல்லை. கிட்டப்பாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் சுருதியும் பிருகா என்கிற வேகச் சுர உருட்டலும் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறதே, அது எப்படி?

ஏற்பாட்டாளர்களில் இரண்டு பேர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். கெட்டவர்கள் இல்லை, சொந்தக் காசு போட்டுத்தான் நடத்துகிறார்கள். அடுத்த முறை அறிமுகத்துக்கு நாலு வரி வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். அந்தப் பிள்ளையையும் திரும்பக் கூப்பிடுங்கள். காணொளியின் கடைசியை இன்னொரு முறை பாருங்கள். கரோக்கே முடிந்துவிட்டது, மைக் குறைந்துவிட்டது, அறிவிப்பாளர் அடுத்த நிகழ்ச்சியைச் சொல்லத் தொடங்கிவிட்டார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரியை இன்னும் பாடிக்கொண்டு நிற்கிறது.