ஒரே வரி, நாலு இடத்தில்

இலங்கை மலையகத்து ஹட்டனில் மழை விட்டபாடில்லை. நானும் அந்த ஒரு வரியிலிருந்து வெளியே வந்தபாடில்லை. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கை வைக்கிற ரெயில்ஸ் (ரூபி மொழியில் இணையச் செயலி கட்டும் சட்டகம்) செயலி ஒன்று எங்கள் கைக்கு வந்திருக்கிறது. எந்தக் கண்ட்ரோலரை (வருகிற கோரிக்கைகளைக் கையாளும் நிரல்) திறந்தாலும், பதிவைக் காட்ட, திருத்தத் திறக்க, மாற்றிச் சேமிக்க, அழிக்க என்று இருக்கும் ஷோ, எடிட், அப்டேட், டெஸ்ட்ராய் நாலிலும் முதல் வரி ஒன்றேதான்: ஐடியை வாங்கு, ஃபைண்ட் போடு, பதிவை எடு.

போன வாரம், கணக்கப்பிள்ளை தன் டிவிஷன் பதிவை மட்டுமே தொடலாம் என்று மாற்றினேன். மூன்று இடத்தில் திருத்தியாயிற்று, டெஸ்ட்ராய் விட்டுப்போயிற்று. மேல் டிவிஷன் ஆள், கீழ் டிவிஷனில் ஒருவர் அந்தியில் எடைபோட்ட 6 கிலோ கொழுந்தின் பதிவை அழிக்க முடிந்தது! சோதனையிலேயே பிடிபட்டது, சரி. பிடிபடாவிட்டால் யாரோ ஒரு அக்காவுக்கு அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலிதான் விழுந்திருக்கும். நினைத்தாலே வயிறு எரிகிறது.

இத்தனைக்கும் 2013இல் வந்த ரெயில்ஸ் 4, ஸ்காஃபோல்ட் (ஆரம்ப நிரலைத் தானே எழுதித் தரும் கட்டளை) போட்டாலே அந்த வரியைத் தனி மெத்தடாக்கி, அந்த நாலுக்கும் முன்னால் தானாக ஓடும் பிஃபோர் ஆக்‌ஷனில் கட்டித் தந்துவிடுகிறது. அதற்கு முன்பும் இதே வேலைக்கு பிஃபோர் ஃபில்டர் இருந்தது. அப்புறம் ஏன் இப்படி ஒட்டி ஒட்டி வைக்கிறார்கள்? இன்னும் 11 கண்ட்ரோலர் கிடக்கிறது.