எச்சரிக்கை வந்தது, ஓடி ஒதுங்க இடம் இல்லை

2023 மார்ச் 24 இரவு 8 மணி வாக்கில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ரோலிங் ஃபோர்க் என்ற ஊரை டொர்னாடோ தாக்கியது. டொர்னாடோ என்பது இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கும் சுழல்காற்று. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். காற்றின் உச்ச வேகம் மணிக்கு 314 கி.மீ. 71 நிமிடத்தில் 95 கி.மீ. தூரம் தரையை உழுதுகொண்டே போனது. ஜாக்சன் வானிலை அலுவலகம் உச்சகட்ட எச்சரிக்கையே கொடுத்திருந்தது. அப்படியும் அந்தத் தடத்தில் 17 பேர் செத்துப்போனார்கள்.

மார்ச்சில் மேலே ஜெட் காற்றோட்டம், அதாவது வெகு உயரத்தில் வேகமாகப் பாயும் காற்று, குளிர்கால வலுவோடு இருக்கும். கீழே மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று ஏறி வரும். உயரம் கூடக்கூடக் காற்றின் திசையும் வேகமும் மாறுவதால் இடிமேகமே சுழலத் தொடங்கும், டொர்னாடோ அதிலிருந்து பிறக்கும். பொழுது சாய்ந்ததும் தாழ்நிலைக் காற்றோட்டம் வலுப்பதால் தெற்கு மாநிலங்களில் இரவிலும் இது அடங்குவதில்லை.

சாவுக்குப் பெரிய காரணம் மொபைல் ஹோம். இரும்புச் சட்டத்தின்மேல் கட்டி, லாரியில் இழுத்து வந்து, கான்கிரீட் கட்டைகள்மேல் உட்கார வைக்கும் வீடு. அதை மண்ணில் திருகிய நங்கூரங்களோடு இரும்புப் பட்டையால் கட்டுவார்கள். நங்கூரம் ஒவ்வொன்றும் சுமார் 1,430 கிலோ இழுவிசை தாங்க வேண்டும் என்பது விதி. மழையில் மண் இளகினாலோ பட்டை துருப்பிடித்தாலோ அந்தக் கணக்கு பலிக்காது. நங்கூரம் பிடித்தாலும் சட்டம் மட்டும் நிற்கும், சுவரும் கூரையும் பறந்துவிடும். அதற்குள் குளியலறையில் பதுங்கச் சொல்வது பச்சைத் துரோகம்.

மொபைல் ஹோமில் இருப்பவர்கள் 'வாட்ச்' (டொர்னாடோ வரக்கூடும் என்ற முன்னறிவிப்பு) அறிவித்ததுமே வெளியேற வேண்டும். 'வார்னிங்' (டொர்னாடோ கண்ணிலோ ரேடாரிலோ தென்பட்டுவிட்டது என்ற எச்சரிக்கை) வரும்வரை காத்திருக்கக் கூடாது. சைரனை நம்பித் தூங்கக் கூடாது, அது வெளியில் நிற்பவர்களுக்கானது. பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ, சத்தம் குறைக்காத போன் இரண்டும் தலைமாட்டில் வேண்டும். காலில் ஷூ, தலையில் ஹெல்மெட். பாலத்தடியில் ஒதுங்கவே கூடாது, அங்கே காற்று இன்னும் வேகமெடுக்கும்.

ஆனால் வெளியேறி எங்கே போவது? இதைத்தான் அரசிடம் கேட்க வேண்டும். மொபைல் ஹோம் வரிசை உள்ள இடமெல்லாம் நடந்துபோகும் தூரத்தில் பொதுப் பாதுகாப்பு அறை கட்டாயமாக வேண்டும். ஆளுக்கு 5 சதுர அடி போதும், சக்கர நாற்காலிக்கு 10. சுவரைப் பலமாகக் கட்டிவிட்டுக் கதவைச் சாதாரணமாகப் போட்டால் எல்லாம் வீண். 6.8 கிலோ மரக்கட்டையை மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் எறிந்து சோதித்த கதவாக இருக்க வேண்டும். ஒற்றைத் தாழ்ப்பாள் தாங்காது. மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் பூட்டு விழ வேண்டும்.