வீட்டுக் கடனை இனி அடைத்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு

வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கலாமா என்று யார் பேச்சை எடுத்தாலும், பக்கத்தில் இருக்கும் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள்: "வட்டியெல்லாம் முதல் பத்து வருஷத்துலயே உருவிட்டாங்க, இப்ப கட்டுறது பூரா அசல்தான், இனிமே போய் அடைச்சு என்ன ஆகப்போகுது?" கணக்கில் கெட்டிக்காரர்கள்கூட இதை நம்புகிறார்கள். இதை நம்பியே பல பேர் கையில் பணம் இருந்தும் கடனை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

வட்டியை யாரும் முன்னாடியே எடுத்துக்கொள்வதில்லை. இந்த மாதம் பாக்கி எவ்வளவு நிற்கிறதோ அதற்கு ஒரு மாத வட்டி, அவ்வளவுதான் கணக்கு. 30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 26,035 வரும். முதல் மாதம் வட்டிக்கு மட்டும் 21,250 போய்விடும், அசலில் கழிவது வெறும் 4,785. ஸ்டேட்மென்ட்டில் இந்த வரியைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். அசலில் பாதி தீர்வதற்கே 13 வருடம் 10 மாதம் பிடிக்கும், மொத்த வட்டி 32 லட்சத்தைத் தாண்டும். ஆனால் ஆரம்பத்தில் வட்டி அதிகமாகப் போவதற்கு ஒரே காரணம் அப்போது பாக்கி அதிகமாக இருப்பதுதான், இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. 15 வருடம் முடியும்போது பாக்கி 12.69 லட்சம், அடுத்த தவணையில் வட்டி ஏறக்குறைய 9,000. தொகை குறைந்திருக்கிறது, விகிதம் அதே 8.5 தான்.

அதனால் முதல் வருடத்தில் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டினாலும், பதினாறாவது வருடத்தில் கட்டினாலும், அடுத்த மாத வட்டியில் குறைவது ஒரே தொகை: 708. ஆரம்பத்தில் கட்டிய லட்சம் கடைசியில் 19, 20 தவணைகளைச் சாப்பிட்டுவிடும், அதாவது சுமார் 5 லட்சம். 15 வருடம் கழித்துக் கட்டினால் ஆறு தவணைகூட முழுசாகக் குறையாது, ஒன்றரை லட்சம்தான். "பார்த்தியா, லேட்டா கட்டினா பிரயோஜனம் இல்லை" என்பார்கள். அந்த 5 லட்சம் 20 வருடம் கழித்து மிச்சமாவது, இந்த ஒன்றரை லட்சம் ஐந்து வருடத்தில். இரண்டுமே 8.5 சதவீத வருமானம்தான். "ஒரு லட்சம் கட்டி ஐந்து லட்சம் மிச்சம் பிடியுங்கள்" என்று வரும் வீடியோக்களும் இதே காரணத்தால்தான் எனக்கு எரிச்சலூட்டும், இன்றைய பணத்தையும் இருபது வருடம் கழித்து வரும் பணத்தையும் ஒரே தராசில் போட்டு ஆளை மயக்குவது.

ஆக, எத்தனையாவது வருடத்தில் இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். வரி போக, கடன் வட்டியைவிட அதிகமாக, நிச்சயமாக சம்பாதித்துக் கொடுக்கும் இடம் இந்தப் பணத்துக்கு இருக்கிறதா? டெபாசிட்டில் பொதுவாக இருக்காது, வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் நடுவில்தான் வங்கியே பிழைக்கிறது. ஒரு பக்கம் டெபாசிட்டைப் புதுப்பித்துக்கொண்டே இன்னொரு பக்கம் தவணை கட்டுகிறவர்கள் அந்த வித்தியாசத்தை மாதாமாதம் இழக்கிறார்கள். பங்குச் சந்தையில் கிடைக்கலாம். ஆனால் 'கிடைக்கலாம்' என்ற 12 சதவீதத்தையும் உறுதியான 8.5 சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "12 பெருசு" என்று தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அதோடு, கடனை அடைக்காமல் வைத்த பணத்தை நிஜமாகவே எத்தனை பேர் மாதாமாதம் முதலீடு செய்கிறார்கள்? புது போனாகவும் காராகவும் கரைவதுதான் அதிகம்.

விதிவிலக்கும் உண்டு. வட்டி குறைவாக இருந்த காலத்தில் நிலையான விகிதத்தில் வாங்கிய கடன், இப்போது டெபாசிட்டே அதற்கு மேல் தருகிறது என்றால் தொடாதீர்கள், அது கிடைத்தற்கரிய கடன். வட்டிக்கு வரிச் சலுகை இருந்தால் அதைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். நிலையான வட்டிக் கடனில் முன்கூட்டியே கட்டினால் அபராதம் இருக்கலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள். வீட்டுக் கடனைவிடப் பல மடங்கு வட்டி ஓடும் கிரெடிட் கார்டு பாக்கியை வைத்துக்கொண்டு வீட்டுக் கடனை அடைக்கிறவர்களிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

நான் பயப்படுவது ஒரே ஒரு விஷயத்துக்கு. கடனுக்குள் போன பணம் சுலபத்தில் திரும்பி வராது. அடுத்த மாதம் வேலை போனால், "போன மாசம்தானே ஆறு லட்சம் கூடுதலாக் கட்டினேன், நாலு மாசம் பொறுங்க" என்று சொல்லிப் பார்க்கலாம், பெரும்பாலும் எடுபடாது, தவணை அதே தேதியில் வந்து நிற்கும். ஆறு மாதச் செலவுக்காவது கையில் வைத்துக்கொண்டு மீதியைக் கட்டுங்கள். தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதியுள்ள கடன்களும் உண்டு, வட்டி கொஞ்சம் கூட இருந்தாலும் வருமானம் நிலையில்லாதவர்களுக்கு அது தேவலாம்.

மொத்தமாகக் கட்டப் பணம் இல்லையா, சரி, வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே மேலே சொன்ன கடனில் மூன்று வருடத்துக்கு மேல் குறையும். சம்பளம் ஏற ஏறத் தவணையையும் வருடம் 5 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனால் 20 வருடக் கடன் 12 வருடம் சொச்சத்தில் முடிந்துவிடும்.

அப்புறம், கூடுதல் பணம் கட்டும்போது "தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா" என்று கேட்பார்கள். எல்லோரும் காலத்தைக் குறைக்கச் சொல்வார்கள், வட்டி அதிகம் மிச்சமாகும் என்பதும் சரிதான். ஆனால் அடிக்கடி சிறுசிறு தொகை கட்ட அனுமதி இருந்தால் தவணையைக் குறைத்துக்கொண்டு, பழைய தொகையையே விடாமல் கட்டி வாருங்கள். கடன் அதே வேகத்தில்தான் தீரும், கை இறுக்கமான மாதத்தில் குறைந்த தவணையைக் கட்டித் தப்பிக்கலாம். வீம்பாகக் கட்டுவேன் என்ற நம்பிக்கை இல்லாதவர்கள் காலத்தையே குறைத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கட்டிய சில நாளில் ஸ்டேட்மென்ட்டை எடுத்து அசல் பாக்கி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை நான் கட்டியதை வரும் தவணைகளுக்கான முன்பணம் என்று ஓரமாக வைத்துவிட்டார்கள், அசல் அப்படியே நின்றது, அதற்கு வட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்த பிறகுதான் மாற்றினார்கள். அன்றிலிருந்து "இது அசலில் கழிக்க வேண்டிய தொகை" என்று எழுத்தில் கொடுக்காமல் ஒரு பைசா கூடுதலாகக் கட்டுவதில்லை.