விதிப்படி சரி என்றால் போதுமா?

2023 நவம்பரில் டெல்லியில், உலகக் கிண்ணக் கிரிக்கெட்டில், இலங்கையின் ஏஞ்சலோ மத்யூசை பங்களாதேஷ் 'டைம்ட் அவுட்' (புதிதாக வரும் துடுப்பாட்டக்காரர் குறித்த நேரத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராகாவிட்டால் ஆட்டமிழப்பு) ஆக்கியது விதிப்படி சரி, ஆகவே நியாயம் என்று கட்டுரையை முடித்துவிட்டீர்கள். உலகக் கிண்ணத்தில் அதற்கு 2 நிமிடம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முறையீட்டை வாபஸ் வாங்கவும் விதியில் இடம் இருக்கிறதே? ஹெல்மெட் வார் அறுந்து நிற்கிற ஆளுக்காக பங்களாதேஷ் தலைவர் ஷாகிப் அதைச் செய்திருக்கலாம். 1987 உலகக் கிண்ணத்தில் லாகூரில் மேற்கிந்தியத் தீவுகளின் பந்துவீச்சாளர் கோர்ட்னி வோல்ஷ், தான் பந்து போட முன்னமே மறுமுனையில் கோட்டைத் தாண்டிய பாகிஸ்தானின் சலீம் ஜாபரை அவுட்டாக்காமல் எச்சரித்துவிட்டார். மெச் தோல்வி, அரையிறுதியும் போனது. இன்றைக்கும் அவரைத்தானே உதாரணமாகச் சொல்கிறோம்.

எங்கட கல்லடிப் பக்கம் மென்பந்து மெச்சில் துடுப்பெடுக்கிற அணி ஆள்தான் அம்பயர். மட்டையில் பந்து பட்டுப் பிடிபட்டது மட்டை பிடித்தவனுக்குத் தெரியும். தெரிந்தும் வெளியேறாமல் நிற்கிறவனைப் பெடியள் அடுத்தமுறை சேர்க்கமாட்டாங்கள். (2022 பெற்றோல் வரிசையில் அதே பெடியள் இடையில் பூந்தது வேறு கதை!)

பள்ளிக்கூட மெச்சுகளில் வயதைக் குறைத்து ஆள் இறக்குவதைப் பற்றியும் ஒருக்கா எழுதுங்கோ. அதில் பிள்ளையை விடப் பெரியவர்களுக்குத்தான் பங்கு கூட.